மூளைப் படமும் தாயின் பழியும்

பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, தாயின் முகத்தை விட்டுச் சுழலும் சக்கரத்தையே நோக்கிக் கொண்டிருக்கிறது. உடனே உலகம் ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. அந்தத் தேட்டம் பெரும்பாலும் தாயின் வாசலிலேயே வந்து நிற்கிறது.

இது கல்லாதார் வழக்கம் மட்டுமன்று. 1943இல் பதினோரு குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் என்னும் நிலையை விவரித்த அமெரிக்க மருத்துவர் லியோ கானர், அது பிறவியிலேயே அமைவது என்று கருதினார். ஆயினும் பெற்றோரின் உள்ளக் குளிர்ச்சியைப் பற்றியும் எழுதினார். 1967இல் புருனோ பெட்டல்ஹைம் வெளியிட்ட நூல், பெற்றவளின் பாசக் குறைவே காரணம் என்ற எண்ணத்தை எங்கும் பரப்பியது. எத்தனை தாய்மார் இரவெல்லாம் தம்மையே நொந்து அழுதிருப்பர்! 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில், அவர்கள் குற்றமற்றவர்கள் என்று கானரே அறிவிக்க நேர்ந்தது.

இதற்கிடையே, 1961இல் ஆட்டிசமுள்ள குழந்தைகள் சிலரின் இரத்தத்தில் செரட்டோனின் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாறிக் கொள்ள உதவும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஆனால் இரத்தத்திலுள்ள செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. உள்ளே நடப்பதை அறிய, 'பெட்' என்னும் படக்கருவி பின்னர் வந்தது. சிறிதளவு கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றி, அது மூளையில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று அக்கருவி காட்டும்.

ஜப்பானில் ஆட்டிசமுள்ள இளைஞர் இருபதுபேரையும், சுவீடனில் வயதுவந்தோர் பதினைவரையும் இவ்வாறு ஆராய்ந்து, முறையே 2010இலும் 2021இலும் முடிவுகளை வெளியிட்டனர். வெளிவந்த செரட்டோனினை மீண்டும் அணுவுக்குள் இழுத்துக்கொள்ளும் புரதம், ஏனையோரைவிட அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆனால் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஆட்டிசத்தின் ஒரு வகையினரான ஆஸ்பெர்கர் நிலையினரிடம் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. செரட்டோனின் வழியே செயற்படும் சிட்டலோப்ராம் என்ற மருந்தை 149 பிள்ளைகளிடம் சோதித்தபோது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பு வெற்று மாத்திரையால் குறைந்ததைவிட அதிகமாகக் குறையவில்லை என்று 2009இல் தெரிந்தது.

"தாய் மீதிருந்த பழியைப் படம் துடைத்துவிட்டது" என்று சொல்ல நாவு துடிக்கிறது. நேர்மை தடுக்கிறது. வளர்ந்தவரின் மூளையில் இன்று காணும் குறைவு, காரணமா விளைவா என்பதைப் படம் சொல்லாது. பழியைத் தளர்த்தியது வேறொரு சான்று. 1977இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு 21 இரட்டையர் இணைகளை ஒப்பிட்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. ஒரே வீடு, ஒரே தாய். வேறுபட்டது பிறப்பின் அமைப்பே.

இங்கேதான் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றும் வராதிருந்தால் அவள் குற்றவாளிதானா? நாளை ஒரு படம் மாறிவந்தால் பழியை மீண்டும் அவள் தலையில் ஏற்றுவோமா? வழக்குத் தொடுப்பவரே சான்று கொணர வேண்டும் என்பது நம் ஷரீஅத்தின் நீதிமுறை. ஆதாரமற்ற சந்தேகத்தைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் கண்டித்து விலக்குகிறது. குற்றமின்மையை மெய்ப்பிக்கும் கடமை தாய்க்கு ஒருபோதும் இருந்ததில்லை. பழி கூறியவர்களே பதில் சொல்லக் கடன்பட்டவர்கள்.

பிள்ளையின் மதிப்பும் அத்தகையதே. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அபஸ அத்தியாயம் அருளப்பட்டது. அவர் ஏன் பார்வையற்றவரானார் என்று அது ஆராயவில்லை. நாடி வந்தவருக்கு முகம் கொடுக்க வேண்டும் என்றே உணர்த்தியது.

ஆராய்ச்சி தொடரட்டும், அறிவைத் தேடுவது நமக்குக் கடமை. ஆனால் நம் உறவில், நம் தெருவில் வளர்ந்து நிற்கும் அந்த இளைஞனுக்கு ஸலாம் சொல்லவும், அவன் தாயை விருந்துக்கு அழைக்கவும் எந்த முடிவுக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.