நீலியும் நாமும்

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது; பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. ஆயினும், நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலி எல்லை அறியாள். அவள் கதையைச் சொல்லியே இருபுறத்துத் தாய்மாரும் பிள்ளைகளை அச்சுறுத்தினர்.

2025-இல் வெளியான ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படம் அந்நீலியையே பேராற்றல் படைத்த காவல் நாயகியாக்கியது. தொடராக வளரவிருக்கும் படவரிசையின் முதல் அத்தியாயம் அது. அச்சுறுத்தியவள் காப்பவளானது வரவேற்கத்தக்கதே. எனினும் ஒரு வினா எழுகிறது.

வில்லிசைக் கதையில் நீலி பிறவியிலேயே பேயல்லள். தன்னை நம்பி வந்த பெண்ணை நகைக்காகக் கொன்றான் ஒருவன். அப்பழி தீர்க்க வந்தவளே நீலி. பேயென்று அவளை அஞ்சுதல் எளிது. தெய்வமென்று அவள் வரவுக்குக் காத்திருத்தல் அதனினும் எளிது. இரண்டிலும் நம் கடமை நழுவிவிடுகிறதன்றோ? திரைக்கு வெளியே பறந்து வந்து காப்பவர் எவருமிலர்; அண்டை வீட்டார் மட்டுமே உண்டு.

படம் பார்த்துத் திரும்பும் பிள்ளைகளிடம் “பயந்தாயா?” என்று கேட்கிறோம். “அவளுக்குத் தீங்கு நேர்ந்தபோது ஊரார் எங்கிருந்தனர்?” என்றும் கேட்போமாக.