அரண்மனைக்குப் பெண் கொடுத்த தாய்



உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள் நம் மூத்தோர். அந்த ஊர் வாய்க்கு அச்சு இயந்திரமும் படக்கருவியும் வாய்த்துவிட்டால் என்னவாகும் என்பதைத் தம் வாழ்வில் கண்ட தாயொருவர் இருந்தார். பிரான்செஸ் ஷான்ட் கிட் என்பது அவர் பெயர். இன்று இங்கிலாந்தின் மன்னராயிருக்கும் சார்ள்ஸ் இளவரசராயிருந்தபோது மணந்த டயானாவைப் பெற்றவர் அவர்.

1980ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டயானாவுக்கு வயது 19. இலண்டனில் பாலர் பாடசாலையொன்றில் உதவியாளராக வேலை பார்த்தார். நிச்சயதார்த்தம் நடக்கவில்லை, இளவரசர் விரும்பும் பெண் என்ற பேச்சு மாத்திரமே. அதற்குள் வீட்டு வாசலிலும் பாடசாலை வாசலிலும் படப்பிடிப்பாளர் கூட்டம். அவ்வருடம் டிசம்பரில் தாயார் 'ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விடிந்தது முதல் இருட்டிய பின்னரும் என் மகளைத் தொல்லைப்படுத்துவது நியாயமா என்று பத்திராதிபர்களைப் பகிரங்கமாகக் கேட்டார். பொய்ச் செய்திகளையும் கண்டித்தார். பாராளுமன்ற உறுப்பினர் 60 பேர் பத்திரிகைகளைக் கண்டிக்கும் பிரேரணையொன்றில் ஒப்பமிட்டனர். ஆயினும் துரத்தல் நிற்கவில்லை. 1981 ஜூலை 29இல் திருமணம் நடந்தபின் அது பன்மடங்காயிற்று.

தாயையும் அது விடவில்லை. அவருடைய முதல் திருமணம் 1969இல் விவாகரத்தில் முடிந்தது. பிள்ளைகளைத் தகப்பனிடம் விடுமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறிக்கிடந்த அந்தப் புண்ணைப் பத்திரிகைகள் மீண்டும் மீண்டும் கிளறின. பின்னர் அவருடைய இரண்டாவது இல்லறமும் முறிந்தது. டயானாவின் தாய் என்றாகிவிட்டபின், கணவருக்கு மனைவியாயிருக்க இடமில்லாமற் போயிற்று என்ற பொருளில் அவரே பிற்பாடு சொன்னார்.

அரச குடும்பத்தின் செலவுக் கணக்கைக் கேட்பது மக்களின் உரிமை. அதைக் கேளாத பத்திரிகை தன் கடமையில் தவறுகிறது. ஆனால் சம்பந்தி வீட்டு விவாகரத்து எந்த நாட்டின் பொதுநலம்?

நம்மில் பலருக்கு இங்கேதான் மயக்கம். பொய்யாகப் பழி சுமத்துவது பாவமென்று சிறு பிள்ளைக்கும் தெரியும். "நான் உண்மையைத்தானே சுவாமி சொன்னேன்" என்பதே குருவானவரிடம் அடிக்கடி வரும் சமாதானம். உண்மையானாலும், தக்க காரணமின்றிப் பிறருடைய குற்றத்தை அதை அறியாதவருக்கு வெளிப்படுத்துவது எட்டாம் கட்டளைக்கு மாறான பாவம் என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது. பொதுவாழ்வில் இருப்போரின் தனிவாழ்விலும் செய்திச் சாதனங்கள் வரம்புமீறி நுழைவதை அதே நூல் கண்டிக்கிறது. பதவியில் இருப்போருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், பெண் கொடுத்த பாவத்துக்காக மாத்திரம் பெயர் அடிபடுவோருக்கு எவ்வளவு உண்டு! நாசரேத்தில் ஆண்டவர் போதித்தபோது ஊரார் என்ன செய்தார்கள்? போதனையை விட்டுவிட்டு, தச்சன் மகனல்லவா, தாய் இன்னாரல்லவா, சகோதரர் இன்னாரல்லவா என்று வீட்டாரின் பெயர்களை அடுக்கினார்கள்.

பத்திரிகை நடத்துபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். விலைபோகிற சரக்கைத்தான் கடைக்காரன் முன்னால் அடுக்குவான். படப்பிடிப்பாளனுக்குக் கூலி கொடுப்பவர் பத்திராதிபர். பத்திராதிபருக்குக் கொடுப்பவர் யார்? திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று அப்படங்களைப் பற்றிப் பேசுபவரும் அந்தக் கூலியில் ஒரு பங்கு கொடுத்தவரே.

இந்த நெருக்கடியில் உறவினரும் சில வேளை தடுமாறுகிறார்கள். 2018இல் இளவரசர் ஹரியை மணந்த மேகனின் தந்தை தோமஸ் மார்க்கிள், படப்பிடிப்பாளர் ஒருவருடன் பேசி ஒழுங்குசெய்து எடுப்பித்த படங்கள் திருமணத்துக்குச் சில நாட்கள் முன் அம்பலமாயின. இருதய நோயும் சேர்ந்துகொள்ள, மே 19ஆந் திகதி மகளின் கலியாணத்துக்கு அவர் போகவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தவர் பலர். வாசலில் படக்கருவியோடு காத்திருப்போர் மத்தியில் மாதக்கணக்காய் வாழ்ந்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

பிரான்செஸும் 1997இல் ஒரு சஞ்சிகைக்குப் பேட்டி கொடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 31இல் பாரிஸ் நகரில் டயானா விபத்தில் மாண்டார். தாயும் மகளும் அப்போது நான்கு மாதமாய்ப் பேசியிருக்கவில்லை. 2002இல் இலண்டன் நீதிமன்றமொன்றில் அவரே இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. டயானா சென்ற வண்டியின் சாரதியும், பின்தொடர்ந்த வண்டிகளின் சாரதிகளும் படுமோசமான கவனயீனத்துடன் ஓட்டியதே சாவுக்குக் காரணம் என 2008இல் மரண விசாரணை யூரிமார் தீர்ப்பளித்தனர்.

இத்தனைக்கும் நடுவே, 1994இல் அவர் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்திருந்தார். ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில் செயில் என்னும் சிறு தீவில் வாழ்ந்தார். லூர்து நகருக்கு யாத்திரை செல்வோருடன் தாமும் துணையாய்ச் சென்றார். 2004 ஜூன் 3இல் காலமானார். ஓபான் நகரின் புனித கொலும்பா பேராலயத்தில் அவருக்காக இரங்கற் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபோது, பேரப்பிள்ளைகளான வில்லியமும் ஹரியும் வந்திருந்தார்கள்.