மணத்திற்குச் சாட்சி யார்?

திருமணம் இருவருக்கு மட்டும் உரிய செயலா, அன்றி அவர்களைச் சூழ்ந்துள்ள சமுதாயத்திற்கும் உரிய செயலா என்னும் வினா மிகப் பழையது. அண்மைக் காலத்தில் அது புதியதொரு கோலத்தில் எழுந்துள்ளது. மேலை நாடுகளில் இளைஞர் சிலர் மண்டபத்தையும் விருந்தையும் உறவினர் கூட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, குளிர்காலத்தில் வெண்பனி மூடிய மலைப் பூங்காவொன்றிற்கு இருவராகவே சென்று மணம் புரிந்துகொள்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டம் இதற்கு முழு இடமளிக்கின்றது. மண உரிமப் பத்திரம் பெற்ற இருவர் குருவோ பதிவாளரோ சாட்சியோ இன்றித் தாமே தமக்கு மணம் செய்துவைத்துக்கொள்ளலாம். அம்மாநிலத்து ரொக்கி மலைத் தேசியப் பூங்காவில் அதனை நிகழ்த்த விரும்புவோர் பூங்கா நிருவாகத்திடம் முன்னனுமதி பெறவேண்டும் என்பதே மேலதிகமான நிபந்தனை. வயது வந்த இருவருக்கு அங்கே பெற்றோரின் இசைவு வேண்டாம். பூங்காவின் இசைவு வேண்டும்.

இலங்கையின் மலைகளில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும் கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் அமைந்த ஹுன்னஸ்கிரியவில், மார்கழியிலும் தையிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரை மூடும் மூடுபனி அதற்குக் குறைந்ததன்று. அங்கிருந்து பிரியும் பாதை லூல்வத்தையையும் கோபெட் கணவாயையும் கடந்து மீமுரே என்னும் சிற்றூரை அடைகின்றது. இத்தகைய தனிமையான மலைப்புறத்தில், ஒருவரையொருவர் விரும்பிய இருவர் எவருமறியாது சென்று மணம் புரிந்துகொள்ளத் திட்டமிடுவரேல், அவர்தம் செயல் அறத்தின்பாற்பட்டதா? இவ்வினாவை விருப்பு வெறுப்பின்றி ஆராய்தல் தகும்.

இவ்வழக்கத்தை மேனாட்டு இறக்குமதி என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. களவு, கற்பு எனக் காதல் வாழ்வை இரண்டாகப் பகுத்த தமிழ் மரபு, காதலியைக் காதலன் அவளது இசைவுடன் அழைத்துச் செல்வதை உடன்போக்கு எனப் பெயரிட்டு ஓர் ஒழுக்கமாகவே ஏற்றுக்கொண்டது. பெண்ணைக் கொடுப்பதற்குரியோர் இல்லாதபோதும், உடன்போகிய இடத்தில் மணச்சடங்கு உண்டு என்று தொல்காப்பியரே விதி வகுத்துள்ளார். மகளைத் தேடிப் பாலைவழியே செல்லும் செவிலிக்கு, எதிர்ப்பட்ட முதியோர் ஆறுதல் உரைப்பதாகக் கலித்தொகையிற் பாடலொன்று உண்டு. சந்தனம் மலையிற் பிறந்தாலும் அதன் பயன் பூசிக்கொள்வோர்க்கே என்னும் பொருள்பட அவர்கள் பேசுகின்றனர். உடன்போக்கு அறமல்லாத செயலென்று பண்டைப் புலவர் கருதியிருந்தால் இவ்வாறு பாடியிரார்.

எனினும் ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும். சிறிய மணம் என்பது வேறு. மறைவான மணம் என்பது வேறு. முன்னையது ஆடம்பரத்தை மறுப்பது. பின்னையது அறிந்தோரை மறுப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே இப்பொருள் பற்றிய விவாதங்கள் பல தெளிவின்றி முடிகின்றன.

சிறிய மணத்தின் நியாயம் வெளிப்படையானது. சீதனமும் நகையும் விருந்தும் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பை ஒரே நாளில் விழுங்குதலை யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் காணாதார் இலர். அகநானூற்றில் நல்லாவூர் கிழார் பாடிய திருமணத்தில் உழுந்து கலந்து சமைத்த உணவும், மணல் பரப்பிய பந்தரும், விடியற்பொழுதில் மணமகளை நீராட்டும் மகப்பெற்ற மகளிர் நால்வரும் உளர். எரியோம்பும் புரோகிதரைக் காணோம். தமிழகத்தில் 1920களின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி முன்னின்று நடத்திய சுயமரியாதைத் திருமணங்கள் சடங்கையும் செலவையும் அகற்றின. 1967இல் அண்ணாதுரையின் அரசு சட்டத் திருத்தத்தின் மூலம் அவற்றைச் செல்லத்தக்கனவாக்கியது. ஆனால் அத்திருமணங்கள் எளியனவாயினும் மறைவானவை அல்ல. உறவினர், நண்பர், ஏனையோர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக உரைத்தலே அவற்றின் உயிர்நிலை. ஆகவே எளிமையை நிலைநாட்டும் வாதங்கள் மறைவையும் நிலைநாட்டிவிட்டன என்று கருதுதல் பிழையாகும்.

மறைவான மணத்திலுள்ள இடர் யாது? குறுந்தொகையிற் கபிலர் பாடிய தலைவியொருத்தி அதனை எவரினும் தெளிவாக உரைக்கின்றாள். தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கு வேறெவரும் இலர். ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே உண்டு. அவன் தன் சொல்லை மறுத்துவிட்டால் அவள் செய்யக்கூடியது யாதும் இல்லை. குருகு வாய் திறந்து சான்று கூறாது. அதன் கருத்தெல்லாம் மீனிலேயே இருந்தது. பொய்யும் பிழையும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கினை ஏற்படுத்தினர் என்று தொல்காப்பியர் கூறுவதை இப்பாடலோடு சேர்த்து நோக்கினால், சடங்கின் தோற்றத்திற்கான சமுதாயக் காரணம் புலனாகும். காதலின் குறைவை நிரப்புவதற்கன்று, வாக்கினை மறுப்போரைத் தடுப்பதற்கே அது எழுந்தது.

பாரதத்திற் கூறப்படும் சகுந்தலையின் கதையும் இதனையே வலியுறுத்துகின்றது. வனத்திற் காந்தர்வ மணம் புரிந்த துஷ்யந்தன், மகனுடன் அரசவைக்கு வந்த அவளை அறிந்தும் அறியாதவன்போல் மறுக்கின்றான். வானொலி எழுந்து சான்று பகர்ந்த பின்னரே ஏற்கின்றான். அவளது சொல்லை மட்டும் கொண்டு ஏற்றிருந்தால் உலகம் ஐயுற்றிருக்கும் என்று காரணமும் கூறுகின்றான். காளிதாசன் இக்கதையில் முனிவரின் சாபத்தைப் புகுத்தி அரசனைப் பழியினின்றும் காத்தான். சாபம் இல்லாத மூலக்கதையே வாழ்க்கைக்கு அணித்தானது. சாட்சியில்லா மணத்தில் இருவரும் ஒரே அளவிலான இடரை ஏற்பதில்லை என்பதும் இதனாற் பெறப்படும். மறுத்தவன் அரசனாகவே இருந்தான். மறுக்கப்பட்டவளே மகனோடு அவையில் நின்றாள்.

ஐரோப்பிய வரலாறும் இதே வழியிற் சென்றுள்ளது. இருவரின் இசைவே மணத்தை ஆக்கும் என்று கொண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபை, மறைவு மணங்களால் விளைந்த ஏமாற்றங்களைக் கண்டு, 1563இல் ட்ரெண்ட் நகரச் சங்கத்தின் ஆணையால் குருவும் குறைந்தது இரு சாட்சிகளும் வேண்டுமென விதித்தது. இங்கிலாந்தில் 1753இல் இயற்றப்பட்ட சட்டம் மறைவு மணங்களைத் தடுத்ததோடு, இளவயதினர் மீது பெற்றோரின் அதிகாரத்தையும் வலுப்படுத்தியது. அதனின்றும் தப்ப விரும்பிய காதலர் எல்லை கடந்து ஸ்கொத்லாந்தின் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு ஓடினர். அங்கும் இருவர் சாட்சியாக நிற்கவேண்டியிருந்தது என்பது கவனத்திற்குரியது.

ஹெகல் தம் உரிமை பற்றிய மெய்யியல் நூலில் (1821) இதனை மேலும் ஆழப்படுத்தினார். மணத்திற்கான இசைவு குடும்பத்தின் முன்னும் சமுதாயத்தின் முன்னும் முறைப்படி அறிவிக்கப்படும்போதே அது அறநிலையை எய்துகின்றது என்பது அவர் கருத்து. காதல் உண்மையாக இருப்பின் சடங்கு மிகையென்று கூறிய தம் காலத்தவரை அவர் மறுத்தார். உணர்ச்சி மாறும் இயல்பினது. அறிவிக்கப்பட்ட சொல் மாறாது நின்று மனிதனைக் கட்டும். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் ஹெகல் சமுதாயத்தை நல்லறிவுடைய சாட்சியாகவே எண்ணினார். அச்சாட்சியின் கையில் அரிவாள் இருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை.

2016 மார்ச்சில் தமிழகத்தின் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணம் புரிந்த தலித் இளைஞர் ஒருவர் பட்டப்பகலில், நடுத்தெருவில், மனைவியின் கண்முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார். இத்தகைய சூழலில் மணத்தை ஊரறியச் செய்க என்று கூறுவது எவ்வளவு பொருந்தும்? சென்னை உயர் நீதிமன்றம் 2014இல், வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நிகழும் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லா என்று கருதியது. அக்கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தள்ளியது. எதிர்ப்பையும் அச்சுறுத்தலையும் எதிர்நோக்கும் இணையர் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் என வற்புறுத்துவது அவர்தம் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பண்டைய உடன்போக்கின் நியாயத்தை நவீன நீதிமன்றம் மீண்டும் ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஆயின், சாட்சி வேண்டும் என்னும் கூற்றும், சாட்சியே ஆபத்து என்னும் கூற்றும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும்? இம்முரண்பாடு, சாட்சி என்பதையும் அனுமதி என்பதையும் வேறுபடுத்தாமையால் எழுவது. சாட்சி, நிகழ்ந்ததை அறிந்திருப்பவர். அனுமதி வழங்குபவர், நிகழலாமா என்பதைத் தீர்மானிப்பவர். மணத்திற்குச் சாட்சி தேவை. ஆனால் வயது வந்த இருவருக்கு எவரது அனுமதியும் தேவையில்லை. உறவினர் சாட்சியாக அமைய மறுத்து ஆள்வோராக மாறும்போது அவர்கள் சாட்சிக்குரிய தகுதியை இழக்கின்றனர். அப்போது அவர்களுக்கு மறைத்தல் குற்றமன்று. ஆனால் உலகம் முழுவதற்கும் மறைத்தல் அதனாற் பெறப்படாது.

இலங்கைச் சட்டத்தில் இவ்வேறுபாடு ஓரளவு பேணப்பட்டுள்ளது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவாளர் முன்னிலையில் நிகழும் மணம் திறந்த கதவுகளுடன், இரு சாட்சிகளின் முன் நிகழவேண்டும். கூட்டம் வேண்டுமென்று சட்டம் கூறவில்லை. கதவு திறந்திருக்கவேண்டும் என்றே கூறுகின்றது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இருவரும் 18 வயது நிறைந்தோராதல் வேண்டும். வழக்காற்றின்படி நிகழ்ந்த மணம் பதியப்படாவிடினும் பொதுச்சட்டத்தின்கீழ் செல்லுபடியாகலாம். கண்டியச் சட்டத்தின்கீழ் மணம் புரிவோருக்கோ 1952ஆம் ஆண்டின் சட்டம் பதிவை இன்றியமையாததாக்கியது.

பதிவென்பது வெறும் கடதாசி எனக் கருதுவோர் மலையகத் தமிழரின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, மணமானவர் 7 ஆண்டு வதிவையும் மணமாகாதவர் 10 ஆண்டு வதிவையும் நிரூபிக்கவேண்டியிருந்தது. லயத்தின் முற்றத்தில், மாரியம்மன் சந்நிதியில் நிகழ்ந்த மணத்தை அயலார் அனைவரும் அறிவர். அரசாங்கத்தின் ஏடு அறியாது. ஒருவரின் மணம் அவரது நாட்டுரிமையையே தொட்ட காலம் அது. சாட்சியின் பயன் மணநாளிற் புலப்படுவதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவிலும், துணையின் மரணத்திலும், வழக்கு மன்றத்திலும் புலப்படும்.

இனி, சாட்சிகள் நிரம்பினால் மணம் நிலைக்கும் என்று கூறுவதற்கும் இல்லை. கோவலன் கண்ணகி திருமணம் யானைமீது மகளிரை ஏற்றிப் புகார் நகரெங்கும் அறிவிக்கப்பட்டது. அத்தனை பேரறிந்த மணமும் கோவலனை மாதவியிடம் செல்லாமல் தடுக்கவில்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு அணித்தேயுள்ள மெதமகாநுவரப் பகுதியில் 1815 பெப்ரவரி 18இல் ஆங்கிலேயர்பாற் சிறைப்பட்ட ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன், மதுரையிலிருந்து பெண்கொண்ட நாயக்க அரசமரபைச் சேர்ந்தவன். அரசுகளுக்கிடையே பேசி முடிக்கப்பட்ட அம்மரபின் மணங்களுக்கு இரு நாடுகள் சாட்சி. எனினும் இறுதி நாளில் மலைக்காட்டில் மறைந்திருந்தபோது அவனுடன் இருந்தோர் அரசியரும் ஒருசிலருமே. மணத்தைப் பாதுகாக்கச் சாட்சி உதவும். மணத்தை வாழ்வாக்குவது இருவரின் கையிலேயே உள்ளது.

இவ்வாராய்ச்சியின் ஒளியில், மலைப்புறத்தில் மணம் புரியத் திட்டமிடும் இருவரின் கடமைகளை வரையறுக்கலாம். முதலாவது, ஒருவருக்கொருவர் உள்ள கடமை: மலைக்குச் செல்லுமுன்னரோ திரும்பிய உடனேயோ இரு சாட்சிகளுடன் பதிவாளர் முன் செல்லுதல். மூடுபனியில் உரைத்த சொல் எவ்வளவு உண்மையாயினும், மறுக்கப்பட்டால் மூடுபனி சான்று பகராது. பதிவை ஒருவர் மட்டும் பின்போட விரும்பினால், மற்றவர் அதற்கான காரணத்தை வினாவ உரிமையுடையவர். இரண்டாவது, பெற்றோர்க்குரிய கடமை. அவர்கள் தடை செய்யாதோராயின் முன்னரே அறிவித்தல் முறை. அறிவித்தலால் உயிருக்கோ உரிமைக்கோ இடர் வருமாயின் பின்னர் அறிவித்தல் போதும். அவர்தம் இசைவைப் பெறவேண்டியதில்லை. அவர்தம் துயரைப் பொருட்படுத்தாதிருத்தலும் ஆகாது. கலித்தொகை முதியோர் செவிலிக்கு உண்மையைக் கூறினர். ஆயினும் அவளை இகழ்ந்து பேசவில்லை.

மூன்றாவது கடமை இடத்திற்குரியது. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கூட்டத்தை விலக்கியவர் குப்பையைக் கூட்டுதல் முறையன்று. வனத்திணைக்களத்தின் விதிகளை அறிந்து செல்லுதலும், வடகீழ்ப் பருவமழையும் அட்டைகளும் மிகும் மாதங்களில் வழிகாட்டியின்றிச் செல்லாதிருத்தலும் சிறு செய்திகள்போலத் தோன்றலாம். தன் துணையை இடரில் ஆழ்த்தாது அழைத்துச் செல்லுதல், பாலைவழியில் தலைவன் ஏற்ற பொறுப்பின் இக்கால வடிவமே ஆகும்.

மணம் இருவருக்கு உரியதா, சமுதாயத்திற்கு உரியதா என்னும் வினாவிற்கு இனி விடை கூறலாம். தீர்மானம் இருவருக்கு உரியது. அறிவு சமுதாயத்திற்கு உரியது. தீர்மானத்தைச் சமுதாயம் பறித்துக்கொள்ளுமிடத்துக் கொடுமை பிறக்கின்றது. அறிவைச் சமுதாயத்தினின்றும் முற்றாக மறைக்குமிடத்து, இருவருள் வலிமை குறைந்தவர் நிராதரவாகின்றார். ஆயிரம் பேரை அழைக்க இயலாதவரும் விரும்பாதவரும் இருவரை அழைக்கலாம். அவ்விருவர், வேண்டும் நாளில் வாய் திறந்து உண்மை பேசுவோராக இருத்தல் வேண்டும்.