நோயுற்றவர் வீட்டுக்கு எதைக் கொண்டு போவது?

(ஆலய அறங்காவலர் ஒருவர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)



கொடுப்பது புண்ணியம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் யாருக்கு, எதை, எந்த நேரத்தில் கொடுப்பது என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரைப் பார்க்கப் புறப்படும்போது இந்த யோசனை மிகவும் அவசியமாகிறது. இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முன்னிலையில் இருப்பதாக வைத்தியர்கள் கூறுகின்றனர். பெயரைச் சொல்லவே பயந்து "அந்த வருத்தம்" என்று தாழ்ந்த குரலில் பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்று நமது புசல்லாவையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அதைப் பற்றி அறியாத குடும்பம் அரிது.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் முன்னோர் ஏற்படுத்திய நல்ல வழக்கம். ஆகவே ஒரு பக்கற் பிஸ்கட், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல், அப்பிள், திராட்சை என்று கடையில் கண்ணில் பட்டதை வாங்கிக்கொண்டு போகிறோம். நான் பல ஆண்டுகள் அரசாங்கக் கந்தோரில் விண்ணப்பப் படிவங்களோடு காலம் கழித்தவன். எந்தப் படிவத்திலும் விண்ணப்பதாரி யார், அவருக்கு என்ன தேவை என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். பரிசு கொடுக்கும் விடயத்தில் மட்டும் நாம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கண்ணப்பர் காட்டிய வழி

காளத்தியில் கண்ணப்ப நாயனார் செய்த பூசையை நாம் அறிவோம். அந்த வேடர் தமக்குச் சுவையாகத் தோன்றிய இறைச்சியைத் தாமே சுவைத்துப் பார்த்து இறைவனுக்குப் படைத்தார். தமக்கு எது நல்லதோ அதையே கொடுத்தார். அன்பு மெய்யானதாகையால் இறைவன் அதையும் ஏற்றுக்கொண்டார். ஆறாம் நாள் சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தபோது அவர் இறைச்சியைத் தேடி ஓடவில்லை. முதலில் பச்சிலை பறித்து வந்து பிழிந்தார். அது பலிக்காதபோது தமது கண்ணையே இடந்து அப்பினார்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. முதலில் கொடுத்தது கொடுப்பவரின் விருப்பம். பின்பு கொடுத்தது பெறுபவரின் தேவை. இரண்டிலும் அன்பு ஒன்றுதான். ஆகவே ஏழை ஒருவர் அன்போடு கொண்டு வரும் பிஸ்கட் பக்கற்றை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். ஆனால் அன்பு வளர வளர, எதிரே இருப்பவரின் தேவையைக் கண்டுகொள்ளும் கண்ணும் நமக்குத் திறக்க வேண்டும்.

உடம்பின் நிலை அறிதல்

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் கீமோ மருந்துகள் நோயுள்ள கலங்களோடு இரத்தத்தின் வெண்கலங்களையும் குறைத்துவிடுகின்றன. பெரும்பாலும் மருந்து ஏற்றியபின் 7 முதல் 14 நாட்களுக்குள் நோயை எதிர்க்கும் சக்தி மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் நமக்குச் சாதாரணமான தடிமன் அவருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே இருமலும் தும்மலும் உள்ளவர் அந்த வீட்டு வாசலுக்குப் போகாமல் இருப்பதே ஒரு நல்ல பரிசு. நன்றாகக் கழுவாத திராட்சை, கடையில் வெட்டி வைத்த பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பூச்சாடித் தண்ணீரிலும் கிருமிகள் வளரும் என்பதால் பூங்கொத்தும் வேண்டாம்.

வாயில் புண் உண்டாகும், நாக்கு உலோகம்போலச் சுவைக்கும், வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டும். அவருக்குக் காரமும் புளிப்பும் வேதனை தரும். மென்மையான பல்துலக்கி, வாசனையற்ற சவர்க்காரம், கொதித்தாறிய நீரைக் கொண்டுபோக மூடியுள்ள போத்தல், நமது மலைக் குளிருக்கு ஏற்ற மெல்லிய பருத்தித் தொப்பி அல்லது கம்பளித் தொப்பி, முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை ஆகியவை விலை குறைந்தவை, ஆனால் நாள்தோறும் உதவுபவை. கதிர் சிகிச்சை பெறும் இடத்தில் பூச எண்ணெய், கிறீம் எதையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டு நீட்டுவது நம் மரபு. ஆனால் பாக்கு, புகையிலை சேராமலே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்தது. வாய்ப் புற்றுநோயால் வருந்துபவர் முன்னே அமர்ந்து வெற்றிலை மெல்லாமல் இருப்பது நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.

பிரசாதமும் முடியும்

ஆலயத்திலிருந்து பிரசாதம் கொண்டு போகும்போது ஒரு சங்கடம் வருவதுண்டு. "சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது, ஒரு வாய் சாப்பிடுங்கள்" என்று அன்போடு வற்புறுத்துகிறோம். மறுத்தால் தெய்வ குற்றமாகுமோ என்று நோயாளியும் பயப்படுகிறார். சமைத்த சூட்டோடு வந்த பொங்கல் வேறு, நேரஞ்சென்ற பஞ்சாமிர்தமும் அபிடேகத் தீர்த்தமும் வேறு. வைத்தியர் அனுமதிக்கும்வரை அவற்றைக் கண்ணில் ஒற்றி வைத்துவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. நெற்றியில் இடும் திருநீறு போதும். இறைவன் தமது அடியாரின் உடம்பை வருத்திப் பக்தியை அளப்பவர் அல்லர்.

கீமோவால் முடி கொட்டும்போது பெண்கள் படும் துயரம் சொல்லி முடியாது. நேர்த்திக்கடன் தீர்க்க மொட்டையடித்து வருபவரை நாம் வணக்கத்தோடு பார்க்கிறோம். நோயோடு போராடி முடியிழந்தவரை மட்டும் ஏன் இரக்கத்தோடு உற்றுப் பார்க்க வேண்டும்? அந்தத் தலையும் வணங்கத்தக்கதே. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும் என்பதை எடுத்துச் சொல்லலாம். விரும்புவோருக்குச் செயற்கைக் கூந்தல் பெற உதவலாம். கூந்தல் தானம் பெற்று இலவசமாகச் செய்து வழங்கும் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் நமது நாட்டில் உண்டு.

அருகில் இருப்பவரை மறவாமை

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். நான்காமவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் புசல்லாவையிலிருந்து கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய் வருவது இலவசமல்ல. கதிர் சிகிச்சை என்றால் வழமையாக வாரத்தில் 5 நாட்கள் எனப் பல வாரங்கள் நீடிக்கும். மகரகமைக்குப் போக வேண்டியவரின் சிரமம் இன்னும் பெரிது. வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் பஸ்ஸில் நின்றபடி, வாந்தியை அடக்கிக்கொண்டு பயணம் செய்வதை எண்ணிப் பாருங்கள். கூடப் போகும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

"அக்கா, வியாழக்கிழமை கிளினிக்குக்கு நானும் கூட வருகிறேன்" என்ற ஒரு வார்த்தை எத்தனை அப்பிள் பழங்களுக்குச் சமம்! நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் கொடுக்கலாம். ஒரு கிழமைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் மானமுள்ளவர் வாய் திறக்க மாட்டார். இன்னதைச் செய்கிறேன் என்று நாமே சொல்ல வேண்டும். பணம் கொடுப்பதானால் மற்றவர் அறியாமல் ஓர் உறையில் வைத்துக் கொடுங்கள். நன்கொடைப் பட்டியல் வாசிக்கும் இடம் அதுவல்ல.

கொடுக்கக்கூடாததும் ஒன்று உண்டு. "இந்த மூலிகையைக் குடியுங்கள், ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்துங்கள்" என்ற ஆலோசனை அது. நல்லெண்ணத்தோடு சொன்னாலும் உயிருக்கு உலை வைத்துவிடும். இதே நோயால் இறந்தவர்களின் கதைகளையும் வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள்.

முகமறியாதவர் தந்த கொடை

கீமோ பெறும் பலருக்குக் குருதிச் சிறுதட்டுக்கள் ஏற்ற வேண்டி வரும். சேகரித்தபின் 5 நாட்கள் அளவே அவற்றை வைத்திருக்கலாம் என்பதால் இரத்ததானம் ஓயாமல் நடக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டு முதல் நமது நாட்டின் இரத்த வங்கிக்குக் கிடைக்கும் இரத்தம் முழுவதும் தன்னார்வலர் தருவதே. 18 முதல் 60 வயது வரையுள்ள, 50 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமானவர்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். என் வயது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. நம் இளைஞர்கள் முன்வந்தால் திருவிழாக் காலத்தில் ஆலய மண்டபத்தில் ஓர் இரத்ததான முகாம் நடத்தலாம் என்பதை இந்த மலர் வாயிலாகப் பரிபாலன சபையின் முன் வைக்கிறேன்.

2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டினார்கள். 2016 ஆம் ஆண்டு பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்து காலி கராப்பிட்டியவுக்காகத் திரட்டினார்கள். தெற்கிலிருந்து நடந்தவர் வடக்கு நோயாளியின் முகத்தைக் கண்டதில்லை. கொடைக்கு முகவரி தேவை, இனமும் மொழியும் தேவையில்லை.

இறுதியாக ஒன்று. எல்லோரும் குணமடைவதில்லை. இனி மருந்தில் பயனில்லை என்று வைத்தியர் சொல்லும் வேளையும் சிலருக்கு வரும். அப்போது நமது பயத்தால் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடக்கூடாது. அருகில் அமர்ந்து, அவர் பேசினால் கேட்டு, பேசாவிட்டால் பேசாமல் இருப்பதே அப்போதைய பரிசு. ஒரு வாய் தேநீர் கேட்கலாம், பழைய கூட்டாளியைப் பார்க்க ஆசைப்படலாம், சுவாமி வீதியுலா வரும்போது வாசலில் ஒரு கணம் நிற்க வேண்டும் என்று விரும்பலாம். சுவாமி நிற்பார். சுமப்பவர்களும் நிற்க வேண்டும்.

அடியார்கள் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறவும், நோயுற்றோரின் தேவையறிந்து உதவும் உள்ளம் நம் எல்லோருக்கும் வாய்க்கவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றேன்.