ரங்கசாமி நடந்த தூரம்

தன்னைத் தேடுகிறவன் ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்றே பெரும்பாலான கதைகள் சொல்கின்றன. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) திரைப்படம் அதை ஏற்கவில்லை. தேனி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு வேண்டியது சொந்தமாகத் துண்டு நிலம். அதை வைத்தே அவன் தன்னை அளக்கிறான். நிலத்துக்கான பணமாக நம்பிய மூட்டை பள்ளத்தில் உருளும்போது, அவனுக்குள் எதுவோ சேர்ந்து சரிவதை நாம் பார்க்கிறோம். கடைசியில், கிடைத்தும் கைநழுவிய அதே நிலத்துக் காற்றாலைக்கு அவன் காவலாளி.

இது வர்க்கக் கதைதானே, அகப்பயணம் எங்கே என்று கேட்கலாம். அவன் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் நிலமற்றவனுக்கு 'நான் யார்' என்பதும் 'எனக்கு எது சொந்தம்' என்பதும் ஒரே கேள்வி. ஓய்வுள்ளவர்களின் தனிமையை மட்டும் அகம் என்று கொண்டாடும் விமர்சனம் ரங்கசாமியைச் சரியாகப் பார்க்கவே இல்லை.