அன்பு விரிகிறதா, சுருங்குகிறதா?

புனே நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வாழ்ந்துவந்தார். மனைவி மறைந்தபின் தந்தை தனித்திருக்க வேண்டாமே என்று மகள் ஒரு நாய்க்குட்டியைக் கொணர்ந்து கொடுத்தாள். ஓராண்டுக்குள் அவருடைய நாள் முழுவதும் அந்தக் குட்டியைச் சுற்றியே அமைந்துவிட்டது. அவர் விடியலில் எழுந்ததும் அதற்காகவே, இரவில் விரைந்து வீடு திரும்பியதும் அதற்காகவே.

மாலைதோறும் அவருடன் சதுரங்கம் ஆட வரும் நண்பர் ஒருவர் இருந்தார். 30 ஆண்டுப் பழக்கம். அந்த நண்பர் சிறுவயதில் தெருநாயிடம் கடிபட்டு, அக்கால வழக்கப்படி வயிற்றில் 14 ஊசிகள் போட்டுக்கொண்டவர். நாய் என்றாலே அவர் உடல் நடுங்கும். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, தாம் அங்கிருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் நாயை உள்ளறையில் விடலாமா என்று கேட்டார். “இது அதன் வீடு. அது ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்” என்று பதில் வந்தது. சொன்னவர் சினந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டவரும் சிரித்தார். மறுவாரம் ஏதோ வேலை என்றார். அதற்கடுத்த வாரம் உடல்நலமில்லை என்றார். பிறகு அவர் வரவேயில்லை. ஒரு சண்டையும் இல்லாமல் ஒரு நட்பு முடிந்தது.

இத்தகைய நிகழ்ச்சிகள் இன்று நம் நகரங்களில் அரியன அல்ல. நாயைத் தனியே விட முடியாது என்று உறவினர் திருமணங்களுக்குச் செல்லாதவர்கள் உண்டு. நாயை அஞ்சுவோரும், ஆசாரம் கருதி அதைத் தொடாதோரும் மெல்ல மெல்ல வராமல் போன வீடுகளும் உண்டு. இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் இதனுள் அறநெறி சார்ந்த ஒரு வினா இருக்கிறது. ஓர் உயிரிடம் கொள்ளும் அன்பு, பிற உயிர்களிடம் செல்லும் வழியை அடைத்துவிடுமானால், அதை அன்பு என்றே சொல்லலாமா?

முள்ளில்லாத துணை

இவ்வினாவை ஆராயத் தக்க ஒரு வாழ்க்கை ஜெர்மானியத் தத்துவஞானி ஷோபன்ஹௌருடையது (1788-1860). உபநிடதங்களின் லத்தீன் மொழிபெயர்ப்பைப் படித்து, அவற்றைத் தம் வாழ்வின் ஆறுதலாகப் போற்றியவர் அவர். பிராங்க்பர்ட் நகரில் 1833 முதல் இறுதிவரை மணம் புரியாமல் தனித்தே வாழ்ந்தார். அவருக்கு அணுக்கத் துணையாக இருந்தது ஒரு பூடில் இன நாய். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஆத்மா’! தம் மறைவுக்குப்பின் நாயைப் பேணுவதற்கு உயிலிலும் வழி செய்தார். அந்நாய் குறும்பு செய்யும்போது அவர் அதை ‘ஏ மனிதா!’ என்று ஏசுவார் எனச் சொல்லப்படுகிறது. மனிதன் என்பது அவருக்கு ஒரு வசைச்சொல்லாகிவிட்டது.

இதே ஷோபன்ஹௌர் 1851-இல் வெளியிட்ட நூலில் ஓர் உவமையைக் கூறுகிறார். குளிர்காலத்தில் முள்ளம்பன்றிகள் சில வெதுவெதுப்பு நாடி நெருங்கின. முட்கள் குத்தவே விலகின. குளிர் வாட்டவே மறுபடியும் நெருங்கின. இவ்வாறு நெருங்கியும் விலகியும், முடிவில் ஓரளவு தாங்கத்தக்க இடைவெளியில் நின்றன. மனிதர்களின் கூட்டுறவும் இத்தகையதே என்பது அவர் கருத்து.

நாயிடம் மனிதன் காண்பது என்ன என்பதை இவ்வுவமையைக் கொண்டே விளக்கலாம். நாய் முள்ளில்லாத துணை. அது நேற்றைய சொல்லை நினைவில் வைத்துக் குத்திக்காட்டுவதில்லை. பதவி போனதையோ பணம் குறைந்ததையோ அறிவதில்லை. வாயிற்கதவு திறந்ததும், ஓராண்டு காணாதவரைக் கண்டதுபோல் துள்ளி வருகிறது. இந்தப் பிணைப்பு வெறும் கற்பனையும் அன்று. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவரிடமும் மிகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனுடன் வாழ்ந்துவரும் விலங்கு அவன் உள்ளத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் முள்ளில்லாமை மட்டுமே நட்பின் இலக்கணமாகிவிடுமா? நட்பைப் பற்றித் தம் அறநூலில் இரண்டு பகுதிகளை ஒதுக்கிய அரிஸ்டாட்டில், குதிரையோடும் எருதோடும் மனிதனுக்கு நட்பு இயலாது என்கிறார். இக்கூற்றைக் கடுமையானதாகக் கருதலாம். நாயை வளர்த்தவர்கள் ஒப்பவும் மாட்டார்கள். ஆனால் அவர் சுட்டும் உண்மை ஒன்று உண்டு. உயர்ந்த நட்பு என்பது ஒருவர் மற்றவருடைய நற்பண்பை விரும்பி, அது வளர வேண்டும் என்று நாடுவது. வள்ளுவரும் நண்பனின் கடமைகளுள் இடித்துரைத்தலைச் சேர்த்துள்ளார். நாய் நம்மை நேசிக்கும்; நம் பிழையை எடுத்துச் சொல்லாது. கொடியவனையும் அது அதே வாலாட்டலோடுதான் வரவேற்கும். அதன் அன்பு நமக்கு ஆறுதல் தரும்; ஆனால் நாம் நல்லவர் என்பதற்குச் சான்றாகாது. மறுப்பே இல்லாத அன்பில் பழகிவிட்டவருக்கு, மறுத்துப் பேசும் மனிதர்கள் யாவரும் பகைவராகத் தோன்றத் தொடங்குவர். நண்பர்கள் குறைவது இங்கிருந்துதான்.

பரதரின் மான்

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் பரத மன்னரின் வரலாறு பலரும் அறிந்தது. அரசையும் மக்களையும் துறந்து, கண்டகி நதிக்கரையில் தனித்துத் தவம் செய்துவந்தார் அவர். சிங்கத்தின் முழக்கம் கேட்டு அஞ்சித் தாவிய கருவுற்ற மான் ஒன்றின் குட்டி ஆற்றில் விழுந்தது, தாய் இறந்தது. பரதர் குட்டியை எடுத்துக் காத்தார். அதற்குப் புல் தேடினார், புலி, ஓநாய்களிடமிருந்து காத்தார், தோளில் சுமந்தார். வழிபாட்டின் நடுவே எழுந்து அதைப் பார்த்துவந்தார். நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவின. இறுதி மூச்சிலும் மானையே நினைத்து, மானாகவே பிறந்தார்.

இக்கதையைச் சொல்பவர் பலர், மானைக் காத்ததே பரதரின் தவறு என்பதுபோல் முடித்துவிடுகின்றனர். அது பிழை. நீரில் தத்தளிக்கும் குட்டியைப் பார்த்துக்கொண்டு கண்மூடித் தியானிப்பவர் ஞானியாக மாட்டார். காத்தது கருணை. ‘இது என்னுடையது, என்னையன்றி இதற்கு யாருமில்லை, இதையன்றி எனக்கு யாருமில்லை’ என்ற எண்ணம் பின்னர் வந்து சேர்ந்தது. அதுதான் மமகாரம். கருணை எந்த நாளில் மமகாரமாக மாறியது என்பது பரதருக்கே தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அந்த ஆசிரமத்தில் அவர் தனியாக இருந்தார் என்பது இங்கே கருதத்தக்கது. “மன்னா, உம் மனம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?” என்று கேட்க அருகில் ஒரு நண்பரும் இல்லை. மனைவி மக்களைத் துறந்துவந்த இடத்தில் ஒரு மான்குட்டி குடும்பமாகிவிட்டது. அதைச் சுட்டிக்காட்ட மனிதர் இல்லை. செல்லப்பிராணியின் பொருட்டு நண்பர்களை இழப்பவர், தம்மைத் திருத்தக்கூடிய கண்களையே இழக்கிறார். இந்த இழப்பு அவருக்கு உடனே தெரிவதில்லை. தெரியப்படுத்த வேண்டியவர்கள்தாம் போய்விட்டார்களே!

தருமரின் நாய்

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவம். இமயத்தின் பாதையில் திரௌபதியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். ஒரு நாய் மட்டும் தருமரைப் பின்தொடர்ந்தது. தேருடன் வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு ஏறும்படி கூறினான். தம்மை அண்டிவந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்று கூறித் தருமர் சுவர்க்கத்தையே மறுத்தார். அந்த நாயே தருமதேவதை.

நாய் வளர்ப்போர் விரும்பி எடுத்துக்காட்டும் கதை இது. ஆயின் இதன் வரிசைமுறையைக் கவனிக்க வேண்டும். இந்திரனைக் கண்டதும் தருமர் முதலில் கேட்டது நாய்க்காக அன்று. வீழ்ந்த தம்பியரும் திரௌபதியும் தம்முடன் வரவேண்டும் என்றே கேட்டார். அவர்கள் முன்னரே சென்றுவிட்டனர் என்று அறிந்த பின்னரே நாயின் பேச்சு எழுந்தது. மேலுலகம் சென்ற பின்னும், உடன்பிறந்தோர் நரகில் துன்புறுவதைக் கண்டபோது, அங்கேயே தங்குவேன் என்று நின்றவர் அவர். நாயை விடாத உறுதியும் மனிதரை விடாத உறுதியும் அவருள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. மேலும், அந்த நாய் அவருக்கு எந்த இன்பமும் தரவில்லை. அது அவர் மடியில் வளர்ந்ததுமில்லை. அண்டி வந்தது என்ற ஒன்றே போதுமானதாயிற்று.

பரதரும் தருமரும் விலங்கிடம் அன்பு காட்டியவர்களே. ஒருவருடைய அன்பு உலகை ஒரு மான்குட்டியின் அளவாகச் சுருக்கியது. மற்றவருடைய அன்பு நாயையும் உள்ளடக்குமளவு விரிந்தது.

சுவாமி விவேகானந்தரின் வாழ்விலும் இவ்விரிவைக் காணலாம். இறுதி ஆண்டுகளில் பேலூர் மடத்தில் அவர் பாகா என்ற நாயையும் ஆடு, வாத்து முதலியவற்றையும் வளர்த்தார்; குழந்தைபோல் அவற்றுடன் விளையாடினார். மடத்தின் நிலத்தைச் சீர்செய்ய வந்த சந்தால் தொழிலாளர்களை 1901-இல் அமரவைத்து உணவளித்து, அவர்களில் நாராயணனைக் கண்டு மகிழ்ந்தவரும் அவரே. பாகாவின் மீது வைத்த அன்பு அந்த ஏழைகளுக்குரிய பங்கைக் குறைக்கவில்லை.

தவறு ஒருபக்கம் மட்டுமா?

நாயை நேசிப்பவர் மீதே பழி முழுவதையும் சுமத்துவது நீதியாகாது. செகாவ் 1886-இல் எழுதிய சிறுகதை ஒன்றில், மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் அத்துயரை வண்டியில் ஏறுவோரிடமெல்லாம் சொல்ல முயல்கிறான். ஒருவரும் செவிகொடுப்பதில்லை. இரவில் லாயத்துக்குச் சென்று தன் குதிரையிடம் சொல்லி முடிக்கிறான். பலர் விலங்கிடம் செல்வது மனிதரை வெறுத்தன்று. மனிதர் கேட்க மறுத்ததனால். முதியவர் ஒருவர் நாயுடன் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு நகைப்பவர், அவருடன் தாம் கடைசியாக எப்போது பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பது நலம். நாய் இறந்த வீட்டில், ‘நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே’ என்று சொல்லும் நண்பரும் நட்பை முறிக்கிறார்.

நாய் மனிதர்களைச் சேர்த்து வைப்பதும் உண்டு. ஒருவர் தனியே நடக்கும்போது பேசுவோரைவிட, நாயுடன் நடக்கும்போது பேசுவோர் மிகுதி என்று பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. காலை உலாவில் இவ்வாறு தொடங்கிய நட்புகள் எத்தனையோ. ஆகவே நாய் வளர்ப்பது மனிதரிடமிருந்து பிரித்தே தீரும் என்பதில்லை. அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தெருவுக்கு வரலாம். மற்றொருவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

உரைத்துப் பார்க்கும் கல்

எனின், ஒருவர் தம் அன்பின் தன்மையை எவ்வாறு அறிவது? கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் பகவான் ஞானியின் சமநோக்கைக் கூறுகிறார். கற்றறிந்த அந்தணர், பசு, யானை, நாய் என்று செல்லும் அந்த வரிசையில் நாய்க்கு அடுத்து நிற்பவர், சமுதாயம் ஒதுக்கிவைத்த மனிதர். தம் நாயிடம் இறைவனைக் காண்பதாகக் கூறி அத்துடன் நின்றுவிடுபவர், அந்த வரிசையை முடிக்கவில்லை.

நாய்க்குச் சுரம் கண்டால் நள்ளிரவிலும் மருத்துவரிடம் விரைகின்ற வீட்டில், அந்த நாயை நாள்தோறும் நடத்திச் செல்லும் பணியாளரின் குழந்தைக்குச் சுரம் என்றால் எவ்வளவு நேரம் விடுப்பு கிடைக்கிறது? தெருவில் காயமுற்ற நாயைக் கண்டால், வீட்டு நாயை எண்ணி உள்ளம் அங்கும் கசிகிறதா, அல்லது ‘நம்முடையது இல்லையே’ என்று கடந்துபோகிறதா? நாயை அஞ்சும் விருந்தினருக்காக ஒரு மணி நேரம் அதைக் கட்டிவைப்பது, நாய்க்கு இழைக்கும் துரோகமாகத் தோன்றுகிறதா? இவற்றுக்கு விடையளிக்க வேண்டியவர் அவரவரே. பிறர் தீர்ப்புக் கூற இதில் இடமில்லை.

நாய் நம்மிடம் கேட்பது உணவு, உலாவல், பரிவு. தன்பொருட்டு நண்பரை விலக்கு என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. அதை நாயின் பெயரால் கேட்பது நம் அகந்தை. குத்தாத துணை கிடைத்துவிட்டது, இனி முட்களைப் பொறுக்க வேண்டியதில்லை என்று அது கணக்கிடுகிறது. முட்களைப் பொறுப்பதும், தன் முட்களை அறிவதும், மனிதர் நடுவே கிடைக்கும் சாதனை. அதற்கு மாற்றாக எந்த விலங்கின் அன்பையும் வைக்க இயலாது. வைப்பது அவ்விலங்குக்கும் நியாயமன்று.

புனே அதிகாரியின் நாய் 12 ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு மழைக்காலத்தில் இறந்தது. குடியிருப்பில் அதை ஒரு செய்தியாகக்கூட எவரும் கருதவில்லை. மறுநாள் மாலை அழைப்புமணி ஒலித்தது. வாயிலில் நின்றவர் சதுரங்க நண்பர். கடந்துபோன ஆண்டுகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே வந்து, பழைய நாற்காலியில் அமர்ந்து, கடைசி நாள்களில் அது ஏதேனும் உண்டதா, மிகவும் துன்புற்றதா என்று கேட்டார். வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, இருள் சூழும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நாயைக் கண்டு நடுங்கியவர் அதற்காகத் துக்கம் கேட்க வந்திருந்தார். தாம் அன்று ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்க மறுத்தது யாரிடம் என்பது அந்த முதியவருக்கு அப்போதுதான் விளங்கியது.