மறைந்திருக்கும் நீர்

பட்டாசு பிறந்த சீன நாட்டில் காலத்தைக் கணிக்கப் பத்து ‘வானத் தண்டுகள்’ வகுத்தனர். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தும் யாங், யின் என இரண்டிரண்டாகப் பிரிந்து பத்தாகும். ஒன்பதாவதான ‘ரென்’ ஆறும் கடலுமாகப் பெருகும் நீர். பத்தாவதான ‘குய்’ யின் நீர். பனித்துளி, தூறல், மண்ணுக்குள் கசியும் ஈரம். இத்தண்டுகள் பன்னிரு ‘நிலக் கிளை’களோடு சேர்ந்து சுழன்றால் அறுபதாண்டு வட்டம், நம் பிரபவ முதல் அட்சய வரை போன்றதே. 2023 ஒரு குய் ஆண்டு. நாற்றிசையினின்றும் நீர் நிலத்துள் பாயும் வடிவமே அவ்வெழுத்து என்கிறது, ஏறத்தாழ கி.பி. 100இல் ஷூ ஷென் தொகுத்த அகராதி. குய் முடிந்ததும் வட்டம் மீண்டும் மரத்தில் தொடங்குகிறது. குளிர்கால மண்ணில் ஒளிந்த ஈரம் அல்லவா விதையை எழுப்புகிறது!

இந்த அடையாளத்தில் எனக்குப் பிணக்கில்லை. கிதியோன் கம்பளியில் இறங்கிய பனியை அறிந்த நமக்கு அது அந்நியமும் அன்று. அடையாளம் மனிதனின் விதியாக மாறும்போதுதான் என் மனம் தடுமாறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் விஸ்வநத்தத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். மருந்துக் கலவை அறையில் கணவரை இழந்தவர் அந்த அம்மாள். “அவருக்கு நேரம் சரியில்ல சாமி. கண்டம் இருக்குன்னு ஜோசியர் முன்னமே சொன்னாரு” என்றார். ஜாதகத்தையும் எடுத்துக் காட்டினார். சற்றுக் கழித்து, “முந்தின ராத்திரி தூறல்ல மருந்து நமுத்துப் போச்சு, பரவால்ல செய்யுங்கன்னு சொல்லிட்டாங்களாம்” என்றார்.

அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பற்றக்கூடும். நெருப்பை அணைக்கும் நீரே நெருப்பை மூட்டுகிறது. இங்கே குற்றவாளி கிரகமா, “பரவால்ல” என்ற வாயா? எல்லாவற்றையும் நேரத்தின் மேல் ஏற்றிவிட்டால், பொறுப்பேற்க வேண்டியவர் நிம்மதியாக உறங்கிவிடுவார். சோதிடத்தைத் திருச்சபை விலக்குவதற்கு இறைவனின் மாண்பை மட்டும் காரணமாகச் சொல்கிறோம். இறந்தவனுக்குரிய நீதியும் காரணம் என்பேன்.

வரலாறும் இதற்குச் சான்று. பீக்கிங்கில் அரசின் வானியல் துறைக்குத் தலைமை ஏற்ற சேசு சபைக் குரு ஆடம் ஷால், நல்ல நாள் குறிக்கும் துறையில் எப்படிப் பணியாற்றலாம் என்று தம் சபையினராலேயே கண்டிக்கப்பட்டார். குழந்தை இளவரசரின் அடக்கத்துக்குத் தீய நேரம் குறித்ததாக 1664இல் அவர்மேல் வழக்கு வந்தது; பின்னர் நேர்ந்த அரச மரணங்களுக்கும் அந்நேரமே காரணம் என்றனர். பேரரசரைக் கொண்டுபோனது பெரியம்மை, பழியோ நேரத்துக்கு. நிலநடுக்கத்துக்குப் பின் ஷால் விடுவிக்கப்பட்டார். அவரோடு பணிபுரிந்த சீனக் கிறிஸ்தவர் ஐவரின் தலைகள் 1665இல் வெட்டப்பட்டன. முதியவரான அந்தக் குருவை நான் எளிதில் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் நாள் குறிக்கும் ஏட்டோடு ஒருமுறை உடன்பட்டவர், அந்த ஏட்டின் பெயராலேயே விசாரிக்கப்பட்டார்.

அந்த அம்மாளிடம் இவற்றையெல்லாம் நான் சொல்லவில்லை. “அம்மா, மருந்து நனைந்திருந்ததை யாரிடமாவது சொன்னீர்களா?” என்று மட்டும் கேட்டேன். “யாரும் கேக்கல சாமி” என்றார்.

மறுமுறை போனபோது ஜாதகம் கண்ணில் படவில்லை. மழை பெய்த மறுநாள் மகனை வேலைக்கு அனுப்ப மறுத்துவிட்டாராம். ஒருநாள் கூலி போயிற்று என்று மகனுக்குத்தான் கோபம். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.